பின்னால் யார் வர்றாங்க? திருச்சியில் தொடங்கிய ஒரு ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன் விமானத்தின் முதுகும்

"மாமா, இது பக். பின்னாடி ஒண்ணுமே தெரியல."

போன மாதம் ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் என் அக்கா பையன் சொன்னது இது. செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். நான் பல வருஷமாக வைத்திருக்கும் ஐஎல்-2 1946 என்ற பழைய ஃபிளைட் சிமுலேட்டரில் அவனை ஹரிக்கேனில் உட்கார வைத்திருந்தேன். மூன்று தடவை ஏறினான், மூன்று தடவையும் பின்னாலிருந்து சுடப்பட்டு விழுந்தான். யார் சுட்டார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. தலையை எவ்வளவு திருப்பினாலும் கண்ணுக்குத் தெரிந்தது இருக்கையின் தலைச்சாய்வும் அதற்குப் பின்னால் விமானத்தின் முதுகும்தான்.

"அந்த சீட்டை எடுத்துடற மாட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. நானே ஒரு காலத்தில் போட்டிருந்தேன். அதை ஏன் எடுத்துவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லப் போய், ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அன்றைக்குச் சொன்னதையும், அப்புறம் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்குகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திருச்சிக்கும் ஹரிக்கேனுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் உண்டு. இந்திய விமானப்படையின் 6வது ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில்தான் உருவாக்கப்பட்டது. முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். கொடுக்கப்பட்ட விமானம் ஹரிக்கேன். அதே நாளில் இதே ஊரில் 8வது ஸ்குவாட்ரனும் தொடங்கியது; அதற்கு வெஞ்சன்ஸ் என்ற இரண்டு பேர் உட்காரும் டைவ் பாம்பர்.

அன்றைக்கு திருச்சியிலிருந்து கிளம்பி வடக்கே பறந்தவர்கள் மலைக்கோட்டையையும் காவிரியையும் பார்த்திருப்பார்கள். ஆனால் ராஜகோபுரத்தை இன்றைய உயரத்தில் பார்த்திருக்க முடியாது. அப்போது அது மொட்டைக் கோபுரம். 13 நிலைகளோடு 72 மீட்டருக்கு அது எழுந்தது 1987ல்தான். இந்த 72 மீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கணக்குக்கு வேணும்.

6வது ஸ்குவாட்ரனின் வேலை சண்டை போடுவது இல்லை, பார்ப்பது. எதிரியின் படை எங்கே நகர்கிறது, எந்தப் பாலம் சரி செய்யப்பட்டிருக்கிறது, எந்த ஓடையில் படகு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தாழப் பறந்து பார்த்து, படமெடுத்து வந்து சொல்ல வேண்டும். 1943 கடைசியில் அரக்கான் முனைக்குப் போய் இதைத்தான் செய்தார்கள். பதினான்காவது ராணுவத்தின் கண்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. மெஹர் சிங்குக்கு 1944ல் டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அந்த வேலைக்கு அவர்களிடம் இருந்த விமானத்தில்தான் பின்பக்கம் தெரியாது.

ஹரிக்கேனில் உட்கார்ந்தால் என்ன தெரியும்?

டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது காளைக்குத் திமில் மாதிரி விமானியின் தலைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் முதுகு. அது அங்கிருந்து சரிந்து வால்வரை போகிறது. விமானியின் தலைக்கும் முதுகுக்கும் பின்னால் குண்டு துளைக்காத இரும்புத் தகடு. அவருடைய உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான், பின்னால் பார்க்க விடாமல் தடுப்பதும் அதுதான்.

இப்போது மனித உடம்புக்கு வருவோம். சாதாரணமான கழுத்து ஒரு பக்கம் 70 முதல் 80 டிகிரி வரை திரும்பும். கண்ணை ஓரத்துக்குத் தள்ளினால் இன்னொரு 30 டிகிரி. பெல்ட்டைத் தளர்த்தி இடுப்பைத் திருப்பினால் மேலும் 30. மொத்தம் 140 என்று வைத்துக்கொண்டாலும் நேர் பின்னால் என்பது 180. ஒவ்வொரு பக்கமும் 40 டிகிரி மிச்சம் நிற்கிறது. ஓரக்கண்ணில் பெரிய அசைவு தெரியும், தூரத்துப் புள்ளி தெரியாது. அதோடு தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூக்கு மறைத்துவிடும். அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஒற்றைக் கண்ணால்தான்.

அந்தக் காலத்து விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருப்பது ஸ்டைலுக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் சட்டைக் காலர் உராய்ந்து கழுத்து புண்ணாகிவிடும். பட்டு வழுக்கும்.

ஆக, பையன் "பக்" என்று சொன்னது பக் இல்லை. விமானமே அப்படித்தான். நேர் பின்னால் வருகிறவனைப் பார்க்க ஒரே வழி, விமானத்தையே கொஞ்சம் இடது பக்கமும் கொஞ்சம் வலது பக்கமும் திருப்பித் திருப்பிப் பறப்பது. வாலை நகர்த்தினால், வாலுக்குப் பின்னால் மறைந்திருந்த வானம் வெளியே வரும்.

சிமுலேட்டர் எங்கே பொய் சொல்கிறது?

இதைச் சொன்னதும் பையன் விடவில்லை. "அப்போ இந்த கேம்ல தெரியறதுதான் நிஜமா?" என்றான். நல்ல கேள்வி. பதில், இல்லை. சில இடத்தில் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது, சில இடத்தில் அதிகமாகக் காட்டுகிறது.

முதலில் குறைவாகக் காட்டும் இடம். ஒரு பேனாவை முகத்துக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் செங்குத்தாகப் பிடித்து, எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். காலண்டர் முழுசாகத் தெரியும். ஒரு கண்ணுக்கு மறைவதை இன்னொரு கண் பார்த்துவிடுகிறது. இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். பேனா அகலத்துக்குக் காலண்டர் காணாமல் போகும். நம் கண்களுக்கு நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதைவிட மெலிதான எந்தச் சட்டமும் தூரத்துப் பொருளை முழுக்க மறைக்க முடியாது. ஹரிக்கேன் கண்ணாடிக் கூண்டில் இருக்கும் சட்டங்கள் மெலிதானவை. ஆனால் மானிட்டரில் சிமுலேட்டர் காட்டுவது ஒற்றைக் கண் பார்வை. சட்டத்தை அளவு பிசகாமல் வரைந்தால்கூட நமக்கு அது நிஜத்தைவிட அதிகமாக மறைக்கும்.

ஜெர்மானிய ஃபோக்கெ-வுல்ஃப் 190 விமானத்தின் முன்கண்ணாடிச் சட்டம் பற்றி ஐஎல்-2 ஆடுகிறவர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். தடித்த கண்ணாடி ஒளியை வளைப்பதால் நிஜத்தில் கீழ்ச்சட்டம் மெலிதாகத் தெரியும். விளையாட்டில் அந்த வளைவு இல்லை, சட்டம் தடிமனாக நின்றது. வரைந்தவர்கள் அளவில் தப்பு செய்யவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தாலே பார்வையும் சரியாகிவிடாது.

ரெண்டாவது, தூரம். என் மானிட்டர் 24 இஞ்ச், அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டால் அது என் பார்வையில் அடைத்துக்கொள்வது 48 டிகிரிதான். அந்த 48 டிகிரி ஜன்னலுக்குள் நான் 90 டிகிரி காட்சியைத் திணித்தால், நடுவில் இருக்கும் பொருள் இரண்டே கால் மடங்கு சிறுத்துவிடும்.

இப்போது கோபுரக் கணக்கு. மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ராஜகோபுரம். உயரம் 72 மீட்டர். ஹரிக்கேனின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 12 மீட்டர், அதாவது கோபுரத்தில் ஆறில் ஒரு பங்கு. சராசரியாக ரெண்டு நிலை. உச்சிப்பிள்ளையார் சன்னிதிக்கு வெளியே நின்று அந்த ரெண்டு நிலையை மட்டும் கண்ணால் பிரித்துப் பாருங்கள். வெயில் நேரத்தில் நல்ல கண்ணுக்குத் தெரியும். ஆனால் வருகிற விமானம் ரெண்டு நிலைக் கோபுரம் மாதிரி தடிமனாக இருக்காது. நேராக நம்மை நோக்கி வந்தால் ஒரு மெல்லிய கோடு, நடுவில் ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

1920 புள்ளி அகலமுள்ள திரையில் அதே 3 கிலோமீட்டர் தூரத்து இறக்கை, 48 டிகிரி காட்சியில் ஒன்பது புள்ளி. 90 டிகிரியில் நான்கு புள்ளி. ஜப்பானியர்களின் கி-43, நேச நாட்டார் ஆஸ்கர் என்று கூப்பிட்டது, இதைவிடவும் கொஞ்சம் சின்னது. அகலக் காட்சியில் எல்லா திசையையும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தேடுகிற ஆளையே புள்ளியாகக் கரைத்துவிடுகிறோம்.

அதிகமாகக் காட்டும் இடங்களும் உண்டு. விசையை அழுத்தினால் தலை ஒரு நொடியில் பின்னால் திரும்புகிறது. கழுத்து வலிக்காது, பெல்ட் இழுக்காது, வளைவில் திரும்பும்போது தலை மூணு மடங்கு கனக்காது. ஐஎல்-2 முதலில் வந்தபோது தலையைத் திருப்பலாம், பக்கவாட்டில் சாய்க்க முடியாது. ஒரே இடத்தில் ஆணி அடித்த தலை. பிறகு வந்த திருத்தங்களில் சாய்க்கவும் வழி வந்தது. அதற்கும் ஒரு எல்லை வைத்தார்கள். அந்த எல்லையைக் கழற்றினால் தலை இரும்புத் தகட்டுக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். சீட்டை எடுக்கும் மாட் செய்வதும் இதைத்தான்.

மேலே இருக்கும் குட்டிக் கண்ணாடி

ஹரிக்கேன் முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு பின்னோக்கும் கண்ணாடி இருக்கும். அது போதாதா?

சும்மா ஒரு உதாரணத்துக்கு, 10 சென்டிமீட்டர் அகலத் தட்டைக் கண்ணாடி, கண்ணிலிருந்து 45 சென்டிமீட்டர் தூரத்தில் என்று வைப்போம். அது காட்டும் அகலம் 13 டிகிரிக்கும் குறைவு. மெர்லின் எஞ்சின் அதிர்வில் கண்ணாடியும் அதிரும். அந்த அதிர்வில் நாம் தேடுவது ஒரு பொட்டை. கண்ணாடியை வளைத்துச் செய்தால் அகலம் கூடும், பொட்டு இன்னும் சிறுக்கும்.

சிமுலேட்டரில் கண்ணாடி அதிராது, அழுக்கு படியாது. ஆனால் அதற்கு வேறு ஒரு விலை. கண்ணாடியில் தெரிய வேண்டிய காட்சியை கம்ப்யூட்டர் தனியாக இன்னொரு தடவை வரைய வேண்டும். அதனால்தான் பல சிமுலேட்டர்களில் கண்ணாடியை அணைத்து வைக்க ஒரு வசதி இருக்கிறது.

கண்ணாடியை நம்புவது பற்றி எனக்கு ஒரு சொந்தப் பாடம் உண்டு. எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். இடது பக்கம் நாற்பது டிகிரி திரும்பினாலே பெரிசு. ரெண்டு வருஷம் முன்னால் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போது வலது பக்கம் ஏற வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், காலி. திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து அன்றைக்குச் சரியில்லை. ஏறினேன். கண்ணாடிக்கும் என் தோளுக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் பிரேக் அடித்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் திட்டியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதற்கப்புறம் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். சத்திரத்துக்கு இப்போது பஸ்தான்.

மற்ற விமானங்கள் என்ன செய்தன?

திமிலை இறக்குவதுதான் நேரான தீர்வு. போர் நடக்க நடக்க எல்லோரும் அங்கேதான் போனார்கள். அமெரிக்க பி-51, பி-47, பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் மூன்றுமே முதலில் முதுகு உயர்ந்தவை. பிந்தைய வகைகளில் முதுகை வெட்டி, நீர்க்குமிழி மாதிரி முழுக் கண்ணாடிக் கூடு வைத்தார்கள். பர்மாவில் பிரிட்டிஷார் ஓட்டிய தண்டர்போல்ட்டில் முதல் வகைக்கு முதுகு உண்டு, ரெண்டாம் வகைக்குக் குமிழி.

ஜப்பானியர்கள் ஆரம்பத்திலேயே இதில் முன்னால் இருந்தார்கள். ஜீரோ விமானத்தின் கூடு சுற்றிலும் கண்ணாடி. சட்டங்கள் நிறைய, ஆனால் பின்னால் திரும்பினால் வால் தெரியும். அதற்குப் பதிலாக விமானிக்குப் பின்னால் இரும்புத் தகடு கிடையாது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீது தாக்குதல் நடந்தபோது ரத்மலானையிலிருந்து அவசரமாக ஏறிய ஹரிக்கேன்கள் சந்தித்தது இந்த ஜீரோக்களை. கீழிருந்து ஏறுகிறவனுக்கு வேகமும் இல்லை, பின்னும் மேலும் தெரியவும் இல்லை. நிறைய ஹரிக்கேன்கள் விழுந்தன.

வெஞ்சன்ஸ் ஓட்டிய 8வது ஸ்குவாட்ரனுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. அதில் பின்னால் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். முதுகில் கண் வைத்த மாதிரி.

நிற விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கும். பர்மா முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு கருநீலம், வெளிர்நீலம் என்று மட்டும் அடித்தார்கள். அரை நொடிப் பார்வையில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் ஜப்பானிய விமானம் என்று நினைத்து நம் ஆளே சுட்டுவிடுவான். நீங்கள் சிமுலேட்டரில் 6வது ஸ்குவாட்ரன் ஹரிக்கேனுக்குப் பெயின்ட் செய்கிறீர்கள் என்றால் முதலில் அந்தச் சிவப்பை எடுங்கள்.

அப்போ 6வது ஸ்குவாட்ரன் எப்படிச் சமாளித்தது?

ஒற்றை இருக்கை விமானம். பின்னால் தெரியாது. அதோடு வேலையோ தரையைப் பார்ப்பது. ஹரிக்கேனின் இறக்கை விமானிக்குக் கீழேயே இருப்பதால், தரையைப் பார்க்க விமானத்தைச் சாய்க்க வேண்டும். தரையில் ஒரு பாதையை அரை நிமிஷம் உற்றுப் பார்க்கிறார் என்று வைப்போம். நம்மைவிட மணிக்கு 180 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வருகிறவன் அந்த அரை நிமிஷத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நெருங்கிவிடுவான். புள்ளியாக இருந்தவன் சுடும் தூரத்துக்கு வந்துவிடுவான்.

அதனால் ஜோடியாகப் போனார்கள். முன்னால் போகிறவர் தரையைப் பார்ப்பார், படமெடுப்பார். பின்னால் வருகிறவர் தரையையே பார்க்க மாட்டார். இடதும் வலதுமாக நெளிந்து நெளிந்து வந்து வானத்தை மட்டும் பார்ப்பார். அவருக்குப் பெயரே வீவர், அதாவது தறியில் நாடா ஓடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகிறவர். முன்னால் இருப்பவரின் முதுகு இவர் பொறுப்பு.

இது எப்போதும் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. 1944 பிப்ரவரியில் அரக்கானில் ஆஸ்கர்கள் கூட்டமாக வந்தபோது ஸ்குவாட்ரன் விமானங்களையும் ஆட்களையும் இழந்தது. அதே மாதத்தில்தான் இதே ஸ்குவாட்ரனின் ஜே.சி. வர்மா ஒரு ஆஸ்கரைச் சுட்டு வீழ்த்தினார்.

நான் சீட் மாட்டை எடுத்ததற்குக் காரணம் இந்த வீவர்தான். பின்னால் தாராளமாகத் தெரிகிற ஹரிக்கேனில் வீவருக்கு வேலையே இல்லை. அவர் ஏன் இருந்தார் என்பதே புரியாது. முதுகில் ரிவெட் எத்தனை, டயலில் எழுத்து எந்த வடிவம் என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, அந்த விமானத்தில் பறந்தவர்களின் அன்றாடக் கவலையை மட்டும் துடைத்துவிட்டால் என்ன பயன்?

மாடிக்கு ரெண்டாவது லேப்டாப்பைக் கொண்டுவந்தோம். நான் முன்னால், பையன் வீவர். ஏறினதும் அவனுக்கு அலுப்பு. "சும்மா நெளிஞ்சுக்கிட்டே இருக்கேன் மாமா." நான் கீழே ஆற்றோரம் லாரி தேடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிஷமோ என்னவோ, திடீரென்று கத்தினான்: "மாமா, ரைட்ல திரும்பு, இப்பவே!" நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை, திரும்பிவிட்டேன். சுட்டது இடது இறக்கைக்கு வெளியே போனது. அன்றைக்கு ரெண்டு பேரும் இறங்கினோம்.

நாலாவது நாள் அவன் ஊருக்குப் போகும் முன் ஒரு விஷயம் சொன்னான். "நீ தலை திருப்ப கேமரா வெச்சிருக்கியே, அது மட்டும் ஏமாத்து இல்லையா?" வெப் கேமராவும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் வைத்திருக்கிறேன். நான் தலையை இருபது டிகிரி திருப்பினால் விமானி நூற்று நாற்பது டிகிரி திரும்புவார். யோசித்துச் சொன்னேன். சீட்டை எடுத்தால் எனக்குக் கிடைப்பது எந்த விமானிக்கும் இல்லாத பார்வை. இதில் கிடைப்பது 1944ல் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இருந்த கழுத்து. எனக்கு அது இல்லை, கடன் வாங்கிக்கொள்கிறேன். அவன் ஒப்புக்கொண்டானா தெரியாது. சிரித்தான்.

ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு

1. தேடும்போது காட்சி அகலத்தைக் குறையுங்கள். உங்கள் மானிட்டர் அகலத்தையும் கண் தூரத்தையும் அளந்து, அதற்குப் பக்கத்தில் வையுங்கள். சுற்றிப் பார்க்க மட்டும் அகலப்படுத்துங்கள்.

2. தலையைச் சாய்க்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சட்டங்கள் மறைப்பதற்கு, இல்லாத ரெண்டாவது கண்ணுக்குப் பதிலாக அது கொஞ்சம் உதவும்.

3. கண்ணாடியைப் போட்டு வையுங்கள், நம்பாதீர்கள்.

4. நேராக ஒரு நிமிஷத்துக்கு மேல் பறக்காதீர்கள். வாலை நகர்த்துங்கள்.

5. முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். ஒரு தடவையாவது வீவராகப் போய்ப் பாருங்கள். சுடுவதற்கு ஒன்றும் கிடைக்காது, கழுத்து வலிக்கும், ஆனால் முன்னால் போனவர் திரும்பி வருவார்.

பையன் போன வாரம் ஃபோன் பண்ணினான். ஹாஸ்டலில் நெட் இருக்கிறதாம், சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வரச் சொன்னான். இந்தத் தடவை அவன் முன்னால் போகிறானாம், நான் வீவர்.